பிடித்த காசு எங்கே போனது? யாழ்ப்பாணத்துப் பிரதேச சபையொன்றின் சம்பளப் பிணக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் 13. அந்தப் பிரதேச சபைகளில் ஒன்றில், சுகாதாரத் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் 2023 இல் வெளிப்பட்டு 2025 முடியும்வரை இழுபட்ட பிணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். சபையின் பெயரைத் தவிர்க்கிறேன். பிணக்கில் முன்னுக்கு நின்றவர்கள் இன்றும் அதே சபை முற்றத்தில் காலை ஆறு மணிக்கு வரவு பதிந்துவிட்டுத்தான் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுகிறார்கள். என் எழுத்தால் அவர்களுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது.

உள்ளூராட்சி மன்றங்களின் நிதிக் கிளைகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மனு ஒன்று எழுதித் தரச்சொல்லித்தான் அவர்கள் முதலில் வந்தார்கள். பிறகு கணக்குப் பார்க்க, வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத, விசாரணைக்குக் கூடப் போக என்று கடைசிவரை அவர்களோடு நின்றேன். ஆகவே நடுநிலையாளன் என்று என்னைச் சொல்ல மாட்டேன். ஆனால் நிர்வாகத்தின் பக்கத்துச் சிக்கலையும் விளங்கிக்கொள்ளாமல் இந்தப் பிணக்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பது யாருக்கும் விளங்காது. அதையும் எழுதுகிறேன்.

ஒரே குப்பை, இரண்டு சம்பளம்

சபையின் குப்பை வண்டியில் இரண்டு வகைத் தொழிலாளர் ஏறுவார்கள். ஒருவர் நிரந்தரச் சுகாதாரத் தொழிலாளி. அவருடைய பதவி அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்குள், அதாவது சபைக்கு அனுமதிக்கப்பட்ட பதவிகளின் எண்ணிக்கைக்குள், இருக்கிறது. சம்பளம் பொது நிருவாகச் சுற்றறிக்கைப்படி கணக்கிடப்படும், அதற்கான பணம் திறைசேரியிலிருந்து மாகாணத்தின் ஊடாகச் சபைக்கு மீளளிப்பாக வரும். மற்றவர் அமையத் தொழிலாளி. செக் ரோலில், அதாவது நாட்கூலிக்காரரின் வரவுப் பதிவேட்டில், பெயர் இருக்கும், வந்த நாளுக்குக் கூலி கிடைக்கும். அவருடைய கூலியைச் சபை தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாணம் அனுப்பும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும், இவைதான் அந்த நிதி.

நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தைப் பாருங்கள். 3/2016 சுற்றறிக்கையின்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபா. 2024 இல் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 இலிருந்து 17,800 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டம் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 40,000 ஆக்கியது. ஏற்கனவே கிடைத்துக்கொண்டிருந்த 7,500 ரூபாக் கொடுப்பனவுகள் அதற்குள் சேர்க்கப்பட்டதால் உண்மையில் கூடுவது 8,250 ரூபாதான், அதுவும் 2025 ஏப்ரல், 2026 சனவரி, 2027 சனவரி என மூன்று கட்டமாக. குறைவுதான், என்றாலும் ஏதோ கூடுகிறது. அமையத் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் தானாக வராது. அவருடைய நாட்கூலியைக் கூட்டச் சபையில் தீர்மானம் வேண்டும், பாதீட்டில் ஒதுக்கீடு வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்கு ஏறிய நாட்களிலும் இந்தச் சபையின் நாட்கூலி அசையவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து குப்பை அள்ளினார்கள்.

வேலையில் வித்தியாசம் உண்டா? இல்லை. ஒரே வாய்க்கால், ஒரே சந்தை, ஒரே மீன் கழிவு. சொல்லப்போனால் சந்தைப் பக்கத்துப் பாரமான வேலை பெரும்பாலும் அமையத் தொழிலாளர் தலையில்தான் விழும். கையுறை வந்தால் நிரந்தரக்காரருக்கு முதலில், மிஞ்சினால் மற்றவர்களுக்கு.

இதற்குப் பின்னால் இன்னொரு விசயமும் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அதைப் பேசக் கூச்சப்படுகிறோம். பிரித்தானியர் காலத்தில் நகரச் சுத்திக்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் இந்தத் தொழிலில்தான் நிற்கிறார்கள். “உவை அந்த வேலைக்குரிய ஆக்கள்தானே” என்ற எண்ணம் அலுவலக மேசைகளுக்குப் பின்னாலும் இருக்கிறது, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் இருக்கிறது. ஒரு எழுதுவினைஞரின் சம்பளத்தில் பிடித்த காசு ஒரு மாதம் கட்டப்படாமல் கிடந்தால் அலுவலகமே குழம்பியிருக்கும். இவர்களுடையது வருடக்கணக்கில் கிடந்தது, ஒருவரும் கேட்கவில்லை.

180 நாளும் சேவை முறிவும்

அமையத் தொழிலாளர் சபைக்குள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆளணி பழையது. குடியேற்றமும் கடைகளும் பெருகி, பொலித்தீன் பெருகி, குப்பை பலமடங்கான பிறகும் அங்கீகரிக்கப்பட்ட தொழிலாளர் எண்ணிக்கை கூடவில்லை. கூட்டுவதென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஒப்ப வேண்டும். அது கிடைக்காத இடத்தில் தவிசாளர்கள் அமைய அடிப்படையில் ஆட்களைச் சேர்த்தார்கள். தேவைக்குச் சேர்த்தவர்களும் உண்டு, தேர்தலை மனத்தில் வைத்துச் சேர்த்தவர்களும் உண்டு. “கொஞ்ச நாள் செய் தம்பி, நிரந்தரமாக்கித் தாறம்” என்ற ஒரு வசனத்தை நம்பி வந்தவர்கள்தான் எல்லோரும்.

அந்த வசனத்துக்கு ஒரு அடிப்படையும் இருந்தது. 2014 இல் வந்த 25/2014 பொது நிருவாகச் சுற்றறிக்கை, தற்காலிக, அமைய, பதிலீட்டு, ஒப்பந்த அடிப்படையில் 180 நாள் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்க வழி செய்தது. நாடு முழுவதும் ஏராளமானோர் அதனால் நிரந்தரமானார்கள். இந்தச் சபையிலும் சிலர் ஆனார்கள். ஆனால் அது அந்தக் காலத்தில் வேலையில் இருந்தவர்களுக்கான ஏற்பாடு. பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. அந்த எண் மட்டும் எல்லோர் மனத்திலும் நின்றுவிட்டது. தொழிலாளி 180 நாளை எண்ணிக்கொண்டிருக்க, அலுவலகமும் அதே 180 நாளைப் பார்த்துப் பயந்தது. அந்த எண்ணிக்கை நெருங்கும்போது சில நாட்களுக்கு “வேலை இல்லை, திங்கள் கிழமைக்குப் பிறகு வாங்கோ” என்று அனுப்பிவிடுவார்கள். சேவை முறிவு என்று செக் ரோலில் விழும். திரும்பி வந்தால் கணக்கு முதலாம் நாளிலிருந்து தொடங்கும்.

இந்தப் பழக்கத்தால் சபைக்கு ஒரு சதமும் மிச்சமில்லை. அனுப்பப்பட்ட நாட்களில் குப்பை தேங்கும், பிறகு அதை இரட்டிப்பாக அள்ள வேண்டும். அனுப்பப்பட்டவர் வீட்டில் அடுப்பெரியாது. நிரந்தர நியமனம் கொடுக்கும் அதிகாரம் சபையிடம் இல்லாதபோது, அந்தக் கோரிக்கைக்குப் பயந்து ஒரு மனிதரின் சேவையை வெட்டி வெட்டி எழுதுவது என்ன நிர்வாகம்? இதை நான் சேவையில் இருந்த காலத்திலும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், அப்போதும் எனக்குச் சம்மதமில்லை.

எட்டு வீதம்

பிணக்கு வெடித்தது நாட்கூலியாலோ சேவை முறிவாலோ இல்லை. மூத்த தொழிலாளி ஒருவருக்கு 55 வயது முடிந்தது. ஆண்களுக்கு 55 இலும் பெண்களுக்கு 50 இலும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுக்கப் போனார். கூரைக்குத் தகரம் மாற்றவும் மகளின் அலுவலுக்கும் என்று அந்தக் காசுக்கு ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். உறுப்பினர் கணக்குக் கூற்றைப் பார்த்தால் முதல் சில வருடங்கள் ஒழுங்காக இருந்தன, பிறகு இடையிடையே ஓட்டை, கடைசியில் நீண்ட வெறுமை.

“ஐயா, மாசா மாசம் பிடிச்சவங்கள். நான் கையெழுத்து வைச்ச இடத்திலயே பிடிச்ச காசு எவ்வளவெண்டு எழுதிக் கிடந்தது. பிடிச்சதை எங்க போட்டவங்கள்?”

இந்தக் கேள்விதான் முழுப் பிணக்கும்.

சட்டம் இதில் தெளிவானது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியின் உழைப்பிலிருந்து 8 வீதம் பிடிக்க வேண்டும், தொழில்தருநர் தன் பங்காக 12 வீதம் சேர்க்க வேண்டும், இரண்டையும் அடுத்த மாத முடிவுக்குள் நிதிக்குக் கட்டிவிட வேண்டும். நாட்கூலி, அமையம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. முதல் நாளிலிருந்தே பொறுப்பு தொடங்குகிறது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், அது முழுவதும் தொழில்தருநரின் பணம்.

காசாகப் பார்த்தால்தான் பாரம் தெரியும். நாட்கூலி 1,000 ரூபா, மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். உழைப்பு 25,000. தொழிலாளியிடம் பிடிப்பது 2,000, சபை சேர்க்க வேண்டியது 3,000, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 750. மாதம் 5,750 ரூபா அவர் பெயரில் விழ வேண்டும், வருடத்துக்கு 69,000. விழாமல் போனால் வட்டியும் போய்விடும். சேமலாப நிதி உறுப்பினர்களுக்கு 2022 க்கு 9 வீதமும் 2023 க்கு 13 வீதமும் வட்டி கொடுத்தது. கட்டாத காசுக்கு யார் வட்டி கொடுப்பது?

நிதிக் கிளையில் விசாரித்தபோது வந்த பதில் எனக்குப் புதிதல்ல. கூலிப் பட்டியலில் கழிவைக் காட்டி, தேறிய தொகையை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார்கள். பிடித்த காசு சபையின் வங்கிக் கணக்கை விட்டு வெளியே போகவே இல்லை. டீசல் வாங்க, உழவு இயந்திரத்துக்கு டயர் வாங்க, மின்சாரப் பட்டியல் கட்ட என்று அன்றாடச் செலவில் கரைந்துவிட்டது. ஒருவரும் தன் பையில் போடவில்லை என்று என்னால் சொல்ல முடியும், கணக்குகளைப் பார்த்தவன் நான். ஆனாலும் தொழிலாளியின் கூலியில் பிடித்த காசில் சபை வண்டி ஓடியது. ஒரு சபை தன் மிக ஏழைப் பணியாளரிடம் கேட்காமல் கடன் வாங்கியது என்றுதான் இதை நான் பார்க்கிறேன். 12 வீதத்தைக் கட்டப் பணமில்லை என்பதை விளங்கிக்கொள்ளலாம். அந்த 8 வீதத்தைத் தொட்டதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கேட்க ஒரு ஆள் இல்லை

அடுத்த கேள்வி, யாரிடம் கேட்பது? சாதாரண காலத்தில் தவிசாளரிடம் போகலாம், சபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவரைக் கொண்டு பேசவைக்கலாம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச் 9 இல் நடக்க வேண்டிய தேர்தல் பிற்போடப்பட்டது. அதிகாரம் செயலாளர்கள் கைக்குப் போனது. மேலே பார்த்தால் வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரிலேயே கலைந்துவிட்டது, ஆளுநரின் நிர்வாகம். ஆக, தொழிலாளியின் கூலியைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய இரண்டு படிகளிலும் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லை. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து புதிய சபைகள் அமரும் வரைக்கும் இதே நிலைதான்.

செயலாளர் நேர்மையானவர். மனுவைக் கொடுக்கப் போன அன்று எங்களை இருத்தித்தான் கதைத்தார்.

“ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை. நான் வரமுதலே விடுபட்ட காசு. இப்ப கட்டினா மிகைக்கட்டணமும் சேர்த்துக் கட்டவேணும். அதைச் சபைக் காசில கட்டினா ஏன் கட்டினதெண்டு கணக்காய்வு ஐயவினா என்ர பேருக்குத்தான் வரும்.”

“மிஸ், கட்டாமல் விட்டாலும் வரும்தானே?” என்று கேட்டார் கூட வந்த தொழிலாளிப் பெண். செயலாளர் பேசாமல் இருந்தார்.

அவருடைய பயத்தில் உண்மை இருக்கிறது. பிந்திக் கட்டினால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, 12 மாதத்துக்கு மேல் பிந்தினால் 50 வீதம் வரை போகும். பழைய நிலுவை எல்லாம் அந்தக் கடைசிப் படியில்தான் நின்றது. அதைவிட, அமையத் தொழிலாளர் சிலரைச் சேர்த்ததற்கு முறையான அனுமதி இல்லை என்று ஏற்கனவே ஐயவினா இருந்தது. அவர்களுடைய நிலுவையைக் கட்டினால் அந்த நியமனங்களையும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற யோசனை. உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்குக் கடிதம் போனது. அது சபையின் உள் நிதி விடயம் என்று திரும்பி வந்தது. மாகாணத்துக்குப் போனது. அமையத் தொழிலாளர் ஆளணிக்குள் இல்லாததால் மீளளிப்பு இல்லை என்று பதில். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு கடிதமும் எழுதியவர் அளவில் சரியாகத்தான் இருந்தது. கூலி கொடுத்து வேலை வாங்கியவர் யார் என்பதற்கு மட்டும் ஒரு கடிதத்திலும் விடையில்லை.

கொப்பி

பிணக்கை அசைத்தது ஒரு அப்பியாசக் கொப்பி. செயலாளரிடம் கேள்வி கேட்ட அதே பெண்ணுடையது. அவருக்கு எழுத்து ஓடாது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு அன்றைய வேலையைச் சொல்லுவார், மகள் எழுதுவாள். திகதி, எந்த வீதி, எந்த உழவு இயந்திரம், சாரதி யார், எத்தனை மணிக்கு விட்டார்கள். ஞாயிறு என்றால் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். “வேலை இல்லை எண்டு அனுப்பினவை” என்று எழுதிய நாட்களும் இருந்தன, அந்தப் பக்கங்களில் அனுப்பியவரின் பெயரும் இருந்தது. மகள் எட்டாம் வகுப்பில் தொடங்கியது, கையெழுத்து வருடத்துக்கு வருடம் முதிர்ந்துகொண்டு போவது கொப்பிகளில் தெரியும்.

செக் ரோலைப் பார்க்க விடமாட்டோம் என்று அலுவலகத்தில் சொன்னபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் போனோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். உள்ளூராட்சி சபைகளும் அதற்குள் வரும், விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூலிப் பட்டியல்கள், சேமலாப நிதிக்கு மாதாந்தம் அனுப்ப வேண்டிய சீ படிவங்களின் பிரதிகள், கட்டிய கொடுப்பனவுச் சீட்டுகள், இவை மூன்றையும் வருடவாரியாகக் கேட்டோம். முதலில் பாதிதான் தந்தார்கள். குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு செய்த பிறகு மீதி வந்தது. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை.

இப்படியான வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: “எங்கள் சம்பள விபரம் தரவும்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி, மாதத்தைச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் “அந்தத் தகவல் எம்மிடம் இல்லை” என்று எழுத அதிகாரிக்கு மனம் வராது. சீ படிவம் அனுப்பவில்லை என்று எழுதினால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும்.

வந்த பிரதிகளையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் வீட்டு விறாந்தையில் மகள் வாசிக்க நான் பென்சிலால் குறித்தேன். மூன்று விதமான மாதங்கள் கிடைத்தன. பிடித்துக் கட்டியவை, பிடித்துக் கட்டாதவை, வேலை செய்தும் செக் ரோலில் பெயரே ஏறாதவை. மூன்றாவது வகை எங்களையும் திடுக்கிட வைத்தது. சேவை முறிவு என்று எழுதப்பட்ட சில நாட்களில் அந்தப் பெண் சந்தையில் வேலை செய்திருக்கிறார். கூலியும் வாங்கியிருக்கிறார், ஆனால் வேறொரு செலவுத் தலைப்பில், வாய்க்கால் துப்புரவு என்று தனிச் சிட்டையில் கொடுத்திருக்கிறார்கள். முறிவைக் காகிதத்தில் காட்டிக்கொண்டே வேலையையும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆறு மணிக்கு முற்றத்தில்

இதற்கிடையில், 2024 இல், வேலை நிறுத்தமும் நடந்தது. நிரந்தரத் தொழிலாளர் போராடுவதென்றால் சுகயீன விடுமுறை எடுப்பார்கள். அமையத் தொழிலாளிக்கு அந்த விடுமுறையே கிடையாது. வராவிட்டால் “வரவில்லை” என்று விழும், நாலு நாள் சேர்ந்தால் அதையே சேவை முறிவு ஆக்கிவிடலாம். போராட்டமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்ற நிலை. 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் உள்ளூராட்சி சபைகளின் சேவைகளுக்கும் பிரயோகிக்கப்படலாம் என்ற பயமும் இருந்தது.

ஆகவே அவர்கள் வேலைக்கு வந்தார்கள். வழமைபோல ஆறு மணிக்கு எல்லோரும் முற்றத்தில். வரவைப் பதியச் சொன்னார்கள். பதியமாட்டேன் என்றார் மேற்பார்வையாளர். கைபேசியில் நேரம் விழும்படி படம் எடுத்தார்கள். பிறகு தும்புத்தடிகளை மதிலில் சாத்திவிட்டு, பெட்டியில் ஏறாமல் மாமரத்தடியில் இருந்தார்கள். பிற்பகல் இரண்டு மணிவரை இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த நாளும் அப்படியே.

நிரந்தரத் தொழிலாளர் முதல் நாள் வண்டியில் ஏறிப் போனார்கள். அதில் எனக்கு மனவருத்தம் இருந்தது. இரண்டாம் நாள் சாரதி ஒருவர் சாவியை மேசையில் வைத்தார். “அவையள் இல்லாமல் நான் மட்டும் ஓடி என்ன செய்யிறது?” என்றார். மூன்றாம் நாள் ஒரு வண்டியும் அசையவில்லை. சந்தையில் மீன் கழிவு நாறியது. சனம் தொழிலாளரைத்தான் முதலில் ஏசியது. “சம்பளம் காணாதெண்டா வேற வேலைக்குப் போகலாம்தானே” என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. சந்தை வியாபாரிகள் சிலர்தான் விசயத்தை விசாரித்தார்கள். பிடித்த காசு கட்டப்படவில்லை என்று கேட்டதும் அவர்களே செயலாளரிடம் போனார்கள். குத்தகைக் காசு கட்டுகிறவர்களின் பேச்சுக்கு ஒரு எடுப்பு இருந்தது. செயலாளர் எழுத்தில் ஒரு உறுதி தந்தார், கோரிக்கைகளைத் தொழில் திணைக்களத்தின் முன் வைக்கத் தடையில்லை என்றும், அந்த நாட்கள் சேவை முறிவாகக் கொள்ளப்படாது என்றும். கூலி கிடைக்கவில்லை. அந்த உறுதியோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

விசாரணை

வழக்குப் போடுவோமா என்றும் யோசித்தோம். உள்ளூராட்சி மாகாண விடயம் என்பதால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்கலாம் என்று சட்டத்தரணி ஒருவர் சொன்னார். ஆனால் நிரந்தர நியமனம், நாட்கூலி, சேமலாப நிதி மூன்றையும் ஒன்றாகக் கட்டி நீதிமன்றம் போனால், பலமான கோரிக்கையும் பலவீனமானவற்றோடு சேர்ந்து இழுபடும். பிரித்தோம். சேமலாப நிதியை மட்டும் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடாகக் கொடுத்தோம். நிலுவையைக் கணக்கிட்டு, கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து தண்டப்பணம் போல அறவிடத் தொழில் ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் வாதம். இளம் தொழிலாளர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நிரந்தரம்தான் முதல் என்றார்கள். நீண்ட வாக்குவாதம். கடைசியில் அந்த 55 வயதுக்காரர்தான் முடித்து வைத்தார்: “எனக்கு இனி நிரந்தரம் வேண்டாம் தம்பியவை. பிடிச்சதைத் தரட்டும்.”

விசாரணை பல தவணை நடந்தது. சபையின் முதல் நிலைப்பாடு, இவர்கள் தொடர்ச்சியான ஊழியர் அல்லர் என்பது. கூலிப் பட்டியலில் சபையே 8 வீதம் பிடித்திருக்கிறதே, ஊழியர் இல்லாதவரிடம் எதற்குப் பிடித்தீர்கள் என்று விசாரித்த அலுவலர் கேட்டார். அதோடு அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. கொப்பியைப் பார்த்துவிட்டுச் சபையின் பிரதிநிதி, வீட்டில் எழுதியது என்பதால் ஏற்க முடியாது என்றார். அப்போது சாரதியின் ஓட்டப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம். சந்தையிலிருந்து கழிவு ஏற்றிய நாட்கள், நேரம், கொப்பியோடு பொருந்தின. டீசல் கணக்குக்காகச் சபையே வைத்திருந்த புத்தகம் அது, அதை எப்படி மறுப்பது?

இதற்குள் 2025 தேர்தல் முடிந்து புதிய சபை வந்தது. புதிய தவிசாளர் முதலில் “முந்தின ஆக்கள் விட்ட பிழைக்கு நாங்கள் என்ன செய்யிறது” என்றார். சபை என்பது தொடர்ச்சியான ஒரு சட்ட ஆள் என்பதும், தவிசாளர் மாறினாலும் கடன் மாறாது என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது. உறுப்பினர்களில் இருவர், வெவ்வேறு கட்சிக்காரர், நிலுவையைக் கட்டச் சொல்லிச் சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதற்கு எதிர்ப்பு வரவில்லை.

கிடைத்ததும் நிற்பதும்

பிடித்துக் கட்டாத மாதங்களின் 8 வீதமும் சபையின் 12 வீதமும் தவணை முறையில் கட்டப்படுகின்றன. மிகைக்கட்டணத்தையும் சபைதான் ஏற்கிறது. 55 வயதுக்காரரின் கணக்குக்கு முதலில் கட்ட வேண்டும் என்று தொழிலாளரே கேட்டுக்கொண்டார்கள், அப்படியே நடந்தது. தனிச் சிட்டையில் கூலி கொடுத்த மாதங்களில் ஒரு பகுதி ஏற்கப்பட்டது. மற்றப் பகுதிக்கு ஓட்டப் புத்தகங்கள் கிடைக்கவில்லை, கறையான் அரித்துவிட்டது என்றார்கள். கொப்பி மட்டும் போதாது என்று முடிவாகியது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாட்கூலி கூட்டப்பட்டது, கேட்ட அளவுக்கு இல்லை. 2026 பாதீட்டில் அதற்கு ஒதுக்கீடு இருக்கிறது. ஞாயிறு வேலைக்கு மேலதிகக் கூலி கேட்டதில் தோற்றோம். கிழமையில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பதோடு நின்றது, பழைய ஞாயிறுகளுக்கு ஒன்றுமில்லை. திங்கள் கிழமை வரச்சொல்லி அனுப்பும் பழக்கம் நின்றுவிட்டது. நிரந்தர நியமனத்துக்கான பெயர்ப்பட்டியல் மாகாணத்தின் ஊடாகக் கொழும்புக்குப் போயிருக்கிறது, ஆளணி அனுமதிக்காகக் கிடக்கிறது.

இப்போது மாதம் பிறந்ததும் சீ படிவத்தின் பிரதி சபை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்பது இணக்கத்தின் ஒரு நிபந்தனை. ஒட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் மகள் வந்து தாயின் பெயரையும் தொகையையும் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொண்டு போகிறாள். மற்றச் சபைகளின் அமையத் தொழிலாளர் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: முதலில் உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள், மத்திய வங்கியின் சேமலாப நிதித் திணைக்களத்திலிருந்து மீதிக் கூற்றை எடுங்கள், கூலிப் பட்டியலில் கையெழுத்து வைக்கும்போது பிடித்த தொகையைப் பார்த்துக் குறியுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் 55 வயதுவரை காத்திருக்காதீர்கள், அடுத்த கிழமையே தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.